முதலாம் திகதிக்கு வரச் சொன்ன வீடுகள்

மொன்றியாலைச் சுற்றிப் பார்த்தவர்கள் தேவாலயக் கோபுரத்தைச் சொல்வார்கள், பழைய துறைமுகத்தைச் சொல்வார்கள், கல் பதித்த தெருவில் தொப்பி போட்ட குதிரை இழுத்த வண்டியைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்த ஊரின் அழைப்பு மணிகளைச் சொல்வேன். பித்தளைப் பொத்தான் வைத்த மணி, விரல் பட்டுப் பட்டுக் குழிந்துபோன கறுப்பு மணி, திருகினால் சைக்கிள் மணிபோலக் கிணுகிணுக்கும் பழங்கால மணி, பழுதாகிப்போய் 'கதவைத் தட்டவும்' என்று தாள் ஒட்டிய மணி. எண்பத்தைந்தாம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூன்று வாரம் நான் அவற்றை அழுத்திக்கொண்டு திரிந்தேன். வேடிக்கை என்னவென்றால், வீடு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் ரொறன்ரோவுக்குப் போக வேண்டியவன். அங்கே என்னோடு மட்டக்களப்பில் எட்டாம் வகுப்புவரை படித்து, என்னைப் போலவே அத்தோடு நிறுத்திக்கொண்ட ஒருவன் இருந்தான். தஞ்சம் கேட்ட தாள்கள் கையில் கிடைத்ததும் பஸ் ஏறுவதாக எண்ணம். நான் விமானத்தில் அடித்த ஒரு வாய்வீச்சால் அந்த எண்ணம் கெட்டது.

பக்கத்து இருக்கைகளில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கச் சோடி ஒன்று இருந்தது. தாசன் ஊரில் கூட்டுறவுச் சங்கத்து லொறி ஓட்டியவன். அவன் மனைவி ஜெசிந்தா தையல் ரீச்சர், ஆறு மாதக் கர்ப்பிணி. இறங்கப் போகும் இடத்தில் பிரெஞ்சு பேசுவார்கள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிப் பயம் காட்டியிருந்தார்கள்.

"அண்ணைக்குப் பிரெஞ்சு தெரியுமோ?" என்று தாசன் கேட்டான்.

"பாரிஸில ரெண்டு வருசம் இருந்தவன் தம்பி. தண்ணி பட்ட பாடு" என்றேன்.

அந்த இரண்டு வருடமும் நிலத்துக்குக் கீழே ஒரு சமையலறையில் சட்டி கழுவினேன் என்பதையும், என்னோடு பிரெஞ்சு பேசியவர்கள் ஒரு மாலி நாட்டவரும் ஓர் அல்ஜீரியரும் என்பதையும், அவர்களும் பெரும்பாலும் சட்டிகளைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதையும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

ஊருக்குள் வந்ததும் அவர்களைப் பிரித்துவிட்டார்கள். குற்றம் சொல்ல ஏதுமில்லை. இடம் இருந்தது அப்படி. தாசனுக்கு ஆண்கள் விடுதியில் ஒரு கட்டில், ஜெசிந்தாவுக்குக் கன்னியாஸ்திரிகள் வீட்டில் ஒரு கட்டில். இடையில் நாற்பது நிமிட நடை. ஆண்கள் விடுதிக்குள் பெண் போக முடியாது, பெண்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஆண் போக முடியாது. கல்யாணமாகி நாலு வருடமான இருவரும் பகலில் பழைய நகரத்துச் சதுக்கத்தில் ஒரு மரவாங்கில் சந்தித்துக்கொண்டார்கள். சுற்றிவரச் சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிறீம் தின்றார்கள். ஒரு ஜப்பானியர் இவர்களையும் ஊரின் காட்சிகளில் ஒன்றாக நினைத்துப் படமெடுத்துப் போனார்.

கன்னியாஸ்திரிகளின் தலைவி நல்ல மனுசி. ஆனால் ஜூலையில் வீட்டைப் பூட்டி வெள்ளையடிக்கப் போகிறார்கள். இரண்டாம் திகதி காலை அங்கிருக்கும் பெண்களை, மூன்று மணி நேரம் தள்ளி வேறோர் ஊரில் இருந்த தங்கள் மடத்துக்கு வான் வண்டியில் அனுப்புவார்கள். பிள்ளை ஓகஸ்டில் அங்கே பிறக்கும், தகப்பன் இங்கே இருப்பான். அதற்கு முன் ஓர் அறையாவது கிடைத்தால் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த எங்கள் ஆட்களின் வீடுகளில் அறைக்கு நாலு பெடியன்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். அங்கே கர்ப்பிணிப் பெண்ணுக்கு இடமில்லை.

"அண்ணை, எங்களுக்கு ஒரு வீடு பாத்துத் தந்திட்டுப் போங்கோவன்" என்றாள் ஜெசிந்தா.

தண்ணி பட்ட பாடு என்று சொன்னவன் எப்படிப் பஸ் ஏறுவது?

நான் தங்கியிருந்தது பழைய நகரத்தின் பின்பக்கம் மதாம் லூசியென் நடத்திய சுற்றுலா விடுதியில். என் அறை நாலாம் மாடியில். கட்டிலில் இருந்துகொண்டே கதவையும் யன்னலையும் திறக்கலாம், அவ்வளவு வசதி. என் தாள்களைப் பார்த்த பிறகும் மதாம் என்னைச் சுற்றுலாப் பயணியாகத்தான் நடத்தினார். முதல் நாளே வரைபடம் ஒன்று தந்து, பார்க்க வேண்டிய இடங்களுக்குச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். தினமும் காலையில் கோப்பியை ஊற்றியபடி, "நேற்று என்ன பார்த்தீர்கள் ஐயா?" என்று கேட்பார்.

"பதினொரு கதவுகள் பார்த்தேன் மதாம்."

"கதவுகளா! எங்கள் கதவுகள் மிகப் பழமையானவை" என்று மகிழ்ந்து போவார்.

முதல் வேலையாக அவரிடமே அந்தச் சோடிக்கு அறை கேட்டேன். கர்ப்பிணி என்றதும் அவர் முகம் முழுக்க இரக்கம். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு சுவரில் தொங்கிய விதிப் பலகையைக் காட்டினார். நாய் கூடாது, பொரிக்கக் கூடாது, குழந்தை கூடாது. நாயை முதலில் எழுதியிருந்ததில் ஒரு மரியாதை இருப்பதாக எனக்குப் பட்டது.

எனவே இருவரையும் கூட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கினேன். வாடகைக்கு விடும் வீடுகளின் யன்னலில் சிவப்பும் கறுப்புமான அட்டை தொங்கும். ஜூன் மாதத்தில் அந்த அட்டைகள் ஊரெங்கும் தொங்கின. இவ்வளவு வீடு காலியாக இருக்கும் ஊரை நான் கண்டதில்லை. இரண்டு நாளில் வேலை முடியும், மூன்றாம் நாள் ரொறன்ரோ என்று தாசனிடம் சொன்னேன்.

முதல் வீட்டில் கதவைத் திறந்தது ஒரு குண்டுப் பெண்மணி. உள்ளே அழைத்தாள். வீடு மூன்றரை அறை என்றாள். அந்த அரை எது என்று கேட்டேன். குளிக்கும் அறையைத் திறந்து காட்டினாள். நான் இருந்திருக்கும் நாடுகளில் குளியலறையை அறையாகக் கணக்கெடுப்பதில்லை, பல இடங்களில் அது இருந்ததேயில்லை. இவர்கள் நேர்மையாக அரை போடுகிறார்கள். சமையலறையில் அவள் புருசன் பனியனோடு சூப் குடித்துக்கொண்டிருந்தான். எங்களுக்கும் கோப்பி வந்தது. ஜெசிந்தாவின் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று விரலால் கேட்டாள்.

"எப்போதைக்கு வேண்டும்?" என்றாள் பிறகு.

"இன்றைக்கே. நாளை என்றாலும் சரி" என்றேன்.

அவள் சூப் குடிக்கும் புருசனைப் பார்த்தாள். புருசன் என்னைப் பார்த்தான். இருவரும் சிரித்தார்கள். "ஜூலை முதலாம் திகதி" என்றாள்.

வெளியே வந்ததும் தாசன் ஆவலோடு கேட்டான். "என்னவாம் அண்ணை?"

"முதலாம் திகதி வரட்டாம்."

"நல்லதுதானே? இன்னும் மூண்டு கிழமைதானே?"

"தம்பி, இது எனக்குப் பாரிஸில பாடம். மூஞ்சியப் பாத்திட்டு, மாசம் பிறக்க வா எண்டுவாங்கள். மாசம் பிறந்து போனா, நேத்துத்தான் குடுத்தாச்சு எண்டுவாங்கள். இல்லை எண்டு நேர சொல்லாத ஆக்கள் இவங்கள்."

தாசனுக்கு என்மேல் மதிப்புக் கூடியதைக் கண்ணால் கண்டேன். வீடுகளைக் குறித்து வைத்த கொப்பியில் அந்த வீட்டைக் கோடு போட்டு வெட்டினேன்.

இரண்டாம் வீட்டுக்காரரும் ஜூலை முதலாம் திகதி என்றார். மூன்றாம் வீட்டில் ஒரு கிழவர் காது கேட்காமல் நாலு முறை கத்தவைத்துவிட்டு அதையே சொன்னார். ஐந்தாம் வீட்டுக்காரி முதலாம் திகதி என்று சொல்லி, சாவியையும் எடுத்துக் காட்டினாள். இவ்வளவு தூரம் நடிக்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. கதவைச் சாத்தும்போது எல்லோரும் மறக்காமல் 'பொன்ஜூர்' சொன்னார்கள். பாரிஸில் அது வரும்போது சொல்வது. இங்கே வழியனுப்பவும் அதுதான். ஊரே சேர்ந்து சிரித்த முகத்தோடு எங்களைத் துரத்துவதாக நான் முடிவு கட்டினேன்.

ஏழாம் வீட்டிலிருந்து நேரத்தை மிச்சம் பிடிக்க முறையை மாற்றினேன். கதவு திறந்ததும் நானே முந்திக்கொண்டு, "ஜூலை முதலாம் திகதி என்றால் எங்களுக்கு வேண்டாம்" என்று அறிவிப்பேன். பலர் திகைத்துப் போனார்கள்.

"அப்படியானால் எப்போது வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார்.

"அதற்கு முன்."

"அதற்கு முன் இங்கே நான் இருக்கிறேனே, ஐயா?"

இதைக்கூட நான் தட்டிக்கழிக்கும் சாட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் வரத் தொடங்கியது. பிள்ளைகளின் தையலைப் பிரித்துப் பார்த்துப் பழகியவள். ஒரு நாள் வாங்கில் இருந்து காலைத் தடவிக்கொண்டே, "அண்ணை, எல்லாரும் பேசிவெச்ச மாதிரி ஒரே திகதிய எப்பிடிச் சொல்லுவினம்? எங்கட ஆக்கள் ஆரிட்டையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?" என்றாள்.

"எங்கட ஆக்களுக்கு என்ன தெரியும் புள்ள? அவங்கள் ரெண்டு வருசமா இங்க இங்கிலீசில கதைச்சுக் கொண்டு திரியிறாங்கள்" என்றேன்.

அவள் மற்றக் காலைத் தடவத் தொடங்கினாள். கேட்டிருந்தால் பார்க் எக்ஸ்டென்ஷனில் எந்தப் பெடியனும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான். பிரெஞ்சு தெரிந்த மனிதன் போய்ப் பெடியன்களிடம் கேட்பதா?

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெசிந்தாவுக்குக் கருவாட்டு ஆசை. கன்னியாஸ்திரிகள் கொடுத்ததோ மஞ்சள் பட்டாணிச் சூப். "உப்பு மறந்துபோன பருப்பு" என்பாள், ஆனால் இரண்டு கோப்பை குடிப்பாள். நான் மதாம் லூசியெனின் விதிப் பலகைக்குக் கட்டுப்பட்டு எதையும் பொரிக்கவில்லை. தேநீர் கேத்தலில் முட்டையும் உருளைக்கிழங்கும் அவித்தேன். பலகையில் அவிப்பதைப் பற்றி ஒன்றுமில்லை. ஒரு நாள் மூவரும் தெருக்கடையில் அந்த ஊரின் பெருமை என்று சொல்லப்பட்ட, பூட்டின் என்ற பண்டத்தைத் தின்றோம். உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று பொரித்து, அதன்மேல் பாற்கட்டித் துண்டுகளைப் போட்டு, சுடச்சுடக் குழம்பை ஊற்றி நனைத்துத் தருகிறார்கள். "நனைக்கிறதெண்டா ஏன் அண்ணை பொரிக்கினம்?" என்று தாசன் கேட்டான். அதை மொழிபெயர்த்துக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஜூன் இருபத்துநாலாம் திகதி ஒரு கதவும் திறக்கவில்லை. தெரு முழுக்க அந்த மாகாணத்தின் நீல வெள்ளைக் கொடி. "இண்டைக்கு அருளப்பர் திருநாளல்லோ" என்று ஜெசிந்தாதான் கண்டுபிடித்தாள். எங்கள் கையிலும் யாரோ கொடி திணித்தார்கள். பியர் நிரம்பிய ஒரு மனிதர் தாசனைக் கட்டிப்பிடித்து, பிரெஞ்சு பேசும் தங்களுக்குத் தனி நாடு வேண்டும் என்றார். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டு அறிந்துகொண்டு, "உங்களுக்கும் நாடுதானே வேண்டும்?" என்றார். தாசனுக்கு மொழிபெயர்த்தேன்.

"அது பேந்து பாப்பம். இப்ப எங்களுக்கு ஒரு அறை வேணுமெண்டு சொல்லுங்கோ" என்றான் தாசன்.

சொன்னேன். அந்த மனிதர் கண் கலங்கி, தாசனின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, "நண்பா, ஜூலை முதலாம் திகதி! ஜூலை முதலாம் திகதி!" என்று கத்தினார்.

"வெறியிலயும் பாரன், பொய் மட்டும் மறக்கேல்லை" என்றேன் நான்.

அந்த வாரம் என் அறையும் போனது. உண்மையான சுற்றுலாப் பயணிகள் வந்துவிட்டார்கள். என்னை வெளியே விட மனமில்லாத மதாம், துணி வெளுக்கும் அறையில் பாய் விரித்துக்கொள்ள விட்டார். காலையில் போர்வைகளை மடித்துக் கொடுக்க வேண்டும். கதகதப்பான, சவர்க்கார வாசமுள்ள இடம். நான் தங்கிய நகரங்களில் நல்ல படுக்கை அதுதான் என்று சொல்லலாம். வரைபடத்தில் இன்னும் பார்க்காத வட்டங்கள் ஐந்து இருப்பதை மதாம் எனக்கு நினைவூட்டினார்.

ஜூன் முப்பதாம் திகதி மாலை என் கொப்பியில் முப்பத்தொரு வீடுகள் வெட்டப்பட்டிருந்தன. மூவரும் வாங்கில் இருந்தோம். ஜெசிந்தாவின் பை ஏற்கெனவே கட்டப்பட்டுக் கன்னியாஸ்திரிகள் வீட்டு வாசலில் இருந்தது. மறுநாள் ஒரு பகல்தான் மிச்சம். கடைசியில் நானே, "சரி, நாளைக்கு எங்கட ஆக்களிட்டப் போய்க் கேப்பம்" என்றேன். ஜெசிந்தா 'பார்த்தீர்களா' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

முதலாம் திகதி காலை மெத்ரோ ரயில் ஏறி, ஜோன் தலோன் நிறுத்தத்தில் இறங்கி, அங்கிருந்த இயந்திரத்தில் மூன்று மாற்று ரிக்கற் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். சாரதி மூன்றையும் திருப்பித் தந்தார். மாற்று ரிக்கற்றை மெத்ரோவில் ஏறும் நிலையத்தில் எடுக்க வேண்டும். இறங்கும் நிலையத்தில் எடுத்தால் செல்லாது. மூன்று வாரம் அந்த ஊரில் சுற்றியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் எங்கும் நடந்தே சுற்றினேன். பாரிஸில் அப்படியொரு சட்டம் இல்லை என்று வாதாடினேன்.

"பாரிஸிலேயே பஸ் பிடியுங்கள் ஐயா" என்றார் சாரதி, மிகவும் மரியாதையாக. பஸ் முழுக்கச் சிரித்தது.

எனவே நடந்தோம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பெரிய வீதியைக் கடந்து குறுக்குத் தெருவில் திரும்பியதும் மூவரும் ஒருசேர நின்றோம்.

தெரு முழுக்க வீட்டுச் சாமான். நடைபாதையில் கட்டில், மெத்தை, தலையணை, கவிழ்த்து வைத்த கதிரைகள், சட்டி பானை நிறைந்த பெட்டிகள். மாடிகளிலிருந்து ஆட்கள் அலுமாரிகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். ஒரு குழந்தை மெத்தைமேல் இருந்து அழுதது. சாமான் ஏற்றிய வானொன்று அவசரமாக ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அடுத்த தெருவைப் பார்த்தேன். அங்கேயும் அதே.

ஜெசிந்தா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணை, திரும்பிப் போயிடுவம்."

"எங்கை அடிக்கிறாங்களாம்? ஆர் அடிக்கிறது?" என்று தாசன் கூரைகளுக்கு மேல் புகை தெரிகிறதா என்று பார்த்தான். நானும் அதைத்தான் பார்த்தேன். இப்படிச் சாமானோடு தெருவுக்கு வந்த சனத்தை எங்கள் மூவருக்கும் ஒரேயொரு காரணத்தால்தான் தெரியும்.

பக்கத்தில் நடைபாதையில் ஒரு மூதாட்டி சமையலறைக் கதிரையில் தனியாக இருந்தார். மடியில் இயேசுவின் திரு இருதயப் படம், காலடியில் கிளிக்கூடு. படத்தைக் கண்டதும் ஜெசிந்தாவுக்குப் பயம் போய்விட்டது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவர் முன் முழந்தாளிட்டு, கையைப் பிடித்து, பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தாள். "கேளுங்கோ அண்ணை, ஆர் துரத்தினதெண்டு கேளுங்கோ" என்றாள் அழுகையோடு.

நான் குனிந்து, என்னிடமிருந்த எல்லா மரியாதைச் சொற்களையும் போட்டுக் கேட்டேன். "மதாம், உங்களை வீட்டிலிருந்து துரத்தியது யார்?"

மூதாட்டி வாழைப்பழத்தைப் பார்த்தார். ஜெசிந்தாவைப் பார்த்தார். பிறகு பாவாடையைச் சற்று உயர்த்தித் தன் முழங்கால்களைக் காட்டினார். "இவை இரண்டும்" என்றார். "நாற்பது வருடம் மூன்றாம் மாடி. போதும். இன்றைக்கு இரண்டு தெரு தள்ளிக் கீழ்வீட்டுக்குப் போகிறேன்."

"இவர்கள் எல்லோரும்?"

"அவர்களும் வீடு மாறுகிறார்கள். இன்று முதலாம் திகதி அல்லவா? வாடகைப் பத்திரம் எல்லாம் இன்றோடு முடிகிறது, இன்றே தொடங்குகிறது. ஊர் முழுக்க ஒரே நாளில் மாறும். நீங்கள் எந்த ஊர்?"

கொப்பியில் வெட்டிய முப்பத்தொரு வீடுகளும் என் கண்முன் வந்து நின்றன. சூப் குடித்த புருசன், சாவி காட்டிய பெண், நாலு முறை கத்தவைத்த கிழவர், ஒருவரும் பொய் சொல்லவில்லை. இன்றைக்கு வா என்று ஊரே மூன்று வாரமாகக் கெஞ்சியிருக்கிறது. நான்தான் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன்.

இதை இருவருக்கும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். நடு வெயிலில், ஒரு மெத்தைக்குப் பக்கத்தில் நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பாரிஸில் நான் செய்த வேலையையும் அப்போதே சொல்லிவிட்டேன். மறைத்து என்ன மிச்சம்?

தாசன் என் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"முப்பத்தொரு வீடு" என்றான்.

ஜெசிந்தா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு மடு மாதா கோயிலில ஆடித் திருநாள். இண்டைக்கு அங்கையும் இப்பிடித்தான் இருக்கும். பாயும் தலைகாணியும் சட்டியும் பானையுமாச் சனம் வந்து இறங்கும். இந்த வருசம் போக விட்டாங்களோ தெரியாது" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூதாட்டிக்கு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தாள்.

அந்த நேரம் மேலேயிருந்து ஒரு கூச்சல் கேட்டது. மூதாட்டியின் மருமகன் என்ற மெலிந்த வாலிபன் ஒருவனும், கட்டையான நரைமீசைக் கிரேக்கர் ஒருவரும் குளிர்ப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் வீடுகளுக்கு வெளிப்பக்கம் வளைந்த இரும்புப் படி. அந்த வளைவில் பெட்டி குறுக்கே சிக்கிவிட்டது. கிரேக்கர் கீழே, பெட்டி மேலே. கிரேக்கரின் முகம் பீற்றூட் நிறத்தில் இருந்தது.

தாசன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு படியேறினான். பத்து வருடம் சங்கத்து லொறியில் மூட்டை ஏற்றி இறக்கியவன். கயிற்றை வாங்கி ஒரு சுருக்குப் போட்டு, மருமகனிடம் கொடுத்து, "விடாத! பிடி, பிடி! அப்பிடியே சரி! இப்ப இறக்கு, மெல்ல!" என்று தமிழில் அதட்டினான். மருமகன் பிடித்தான், சரித்தான், மெல்ல இறக்கினான். கிரேக்கர் விலகு என்ற இடத்தில் விலகினார். எல்லோருக்கும் எல்லாம் விளங்கியது. மூன்று வாரம் என் பிரெஞ்சுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற தாசனா இவன் என்று பார்த்துக்கொண்டிருந்த என்னையும், "என்னண்ணை பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? அடிப்பக்கத்தைத் தூக்குங்கோ!" என்று அதட்டினான். தூக்கினேன்.

மதியத்துக்குள் மூன்றாம் மாடி காலியானது. கிரேக்கர் படியில் குந்தி வியர்வையைத் துடைத்தார். பெயர் கொஸ்தா. வீட்டுச் சொந்தக்காரர் அவர்தான்.

"உன் நண்பன் எங்கே வேலை செய்கிறான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கும் இல்லை. வீடு தேடுகிறான்" என்றேன். பிறகு, கதவுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்வியை இந்த முறை சரியாகக் கேட்டேன். "மேலே இன்றைக்கு யார் வருகிறார்கள்?"

கொஸ்தாவுக்குக் கோபம் பொங்கியது. மூதாட்டியைக் காட்டினார். "இவளைக் கேள்! வீடு பார்க்கப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் கூரை ஒழுகுகிறது என்று சொல்லித் துரத்திவிட்டாள்."

"ஒழுகுகிறதே" என்றார் மூதாட்டி வாழைப்பழத்தை மென்றபடி.

"எழுபத்தொன்பதில் திருத்தினேன்!"

"எண்பதில் ஒழுகியது."

எழுபத்தொன்பதும் எண்பதும் போய் எழுபதுக்கு வந்தார்கள். நான் இடையில் புகுந்து, வீட்டை இவர்களுக்குத் தரக் கொஸ்தாவைச் சம்மதிக்கவைத்து, இருவர் சொன்னதையும் தாசனுக்கு மொழிபெயர்த்தேன், இந்த முறை ஒரு சொல்லையும் விடாமல். கூரை ஒழுகும், குளிர்காலத்தில் சூடாக்கும் குழாய் இரவெல்லாம் முனகும், மூன்றாம் மாடி, முப்பத்தாறு படி. உடனே குடிவர வேண்டும், வாடகைப் பத்திரம் இன்றிலிருந்து. சொல்லிவிட்டு என் கருத்து எதையும் சேர்க்காமல் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்குப் புதிய பழக்கம்.

தாசன் மனைவியின் வயிற்றைப் பார்த்தான், படியைப் பார்த்தான். "ஏறுவியா?"

"மடுவுக்கு நடந்து போனவளுக்கு இது ஒரு படியே?" என்றாள் ஜெசிந்தா. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கி, கேட்காதவர்களுக்கும் 'ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை' என்று சொல்லிக்கொண்டு ஏறினாள். கொஸ்தா ஒரு தாளில் பெயரெழுதிக் கையெழுத்து வாங்கினார். தாசன் தமிழில் போட்டான். மூதாட்டி தன் அடுப்பையும் சமையலறை மேசையையும் விட்டுவிட்டுப் போனார், புது வீட்டில் இருக்கிறதாம். போகும்போது ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, கூரை ஒழுகும் இடத்தைத் தடியால் சுட்டிக்காட்டி, அங்கே தொட்டில் போடாதே என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பின்னேரம் கன்னியாஸ்திரிகள் வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தோம். வானில் ஓர் இடம் மிச்சம் என்று தலைவிக்கு மகிழ்ச்சி. ஒரு சட்டியும் மூன்று கோப்பையும் தந்து அனுப்பினார். மூதாட்டி விட்டுப்போன அடுப்பில் சோறும் டின் மீன் குழம்பும் ஆக்கி, மேசையைச் சுற்றி நின்றபடியே தின்றோம். கதிரைகள் மூதாட்டியோடு போய்விட்டன.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் பேச்சுத் தொடங்கியது.

"கட்டில் யன்னலோட போடவேணும். காத்து வரும்" என்றது தாசனின் குரல்.

"யன்னலோட போட்டா குளிருக்குப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

"குளிருக்கு இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு."

"ஆர் உங்களுக்குச் சொன்னது? அண்ணையே சொன்னவர்?"

"அண்ணையின்ர கதையை விடு. நான் சொல்லுறன், யன்னலோட."

"நீங்க எப்ப நான் சொன்னதக் கேட்டனீங்கள்? ஊரில கப்பலடியில வீடெடுக்கேக்கயும் இப்பிடித்தான்..."

"இப்ப ஏன் அந்தக் கதை? ஆர் அந்தக் கதையக் கேட்டது?"

குரல்கள் ஏறின. கட்டில் அவர்களிடம் இருக்கவில்லை. கட்டில் என்ன, பாய்கூட இல்லை. வாங்கில் இருந்த மூன்று வாரமும், சுற்றுலாப் பயணிகளுக்கு நடுவில், 'சாப்பிட்டீங்களோ', 'நித்திரை கொண்டனீரோ' என்று ஒருவரையொருவர் விருந்தாளிபோல விசாரித்தவர்கள் இவர்கள். இப்போது கப்பலடி வீட்டிலிருந்து ஜெசிந்தாவின் தமையன் கல்யாணத்துக்கு வந்து, அங்கே ஒரு சீலை விசயத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடுவார்கள் என்று பயந்து சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

கீழே கொஸ்தா தன் வாசலில் காற்று வாங்கிக்கொண்டு இருந்தார். மேலே கேட்ட சத்தத்துக்கு முகத்தைத் தூக்கினார்.

"ஏதும் பிரச்சினையா? வீடு பிடிக்கவில்லையா?"

"இல்லை" என்றேன், படியில் இருந்து சப்பாத்தைக் கட்டியபடி. "குடிவந்துவிட்டார்கள்."